கிழக்கு எந்தப் பக்கம்?

தங்கை மகளின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தோம். முகூர்த்தப் புடவைகள் மூன்றாம் மாடியில். எங்கள் வீட்டுப் பெண்கள் பதினொரு பேர் வெள்ளை விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து, அரக்கா மாம்பழ நிறமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே போய்த் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று நான் எழுந்தேன்.

வரும்போது எஸ்கலேட்டர் ஒவ்வொரு மாடியாக எங்களைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டிருந்தது. இறங்கும் எஸ்கலேட்டர் அதற்குப் பக்கத்தில் இல்லை. சுடிதார் பகுதியைத் தாண்டினேன், குழந்தைகள் பகுதி வந்தது. அதையும் தாண்டினால் மறுபடி சுடிதார் பகுதி. தூண்களுக்கெல்லாம் கண்ணாடி ஒட்டியிருந்ததால் எது வழி, எது வழியின் நிழல் என்று தெரியவில்லை. ஒரு ஜன்னல்கூட இல்லை. விளக்கு வெளிச்சம் எல்லா மூலையிலும் ஒரே அளவு. இரண்டாவது சுற்றில் உள்ளங்கை வியர்த்தது. மூன்றாவது சுற்றில் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு, விற்பனைப் பெண்களின் குரல்கள் தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்டன.

பணியாளர்களுக்கு மட்டும் என்று எழுதிய கதவு ஒன்று கண்ணில் பட்டது. தள்ளித் திறந்தேன். படிக்கட்டுதான். ஆனால் படி தெரியாத அளவுக்கு அட்டைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பெட்டிகளின் இடுக்கில் எட்டிப் பார்த்தால், கீழே இரும்பு ஷட்டர் இறக்கியிருந்தது. அந்த ஷட்டரைப் பார்த்த நொடியில் என் கால்கள் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் ஓடி வந்தாள். கடையின் சீருடைப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. "அக்கா, என்ன செய்கிறது?" என்று கேட்டாள். "வெளியே போக வேண்டும்" என்றேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பில் போடும் இடத்துக்குப் பின்னால் சரக்கு இறக்கும் ஒரு லிஃப்டில் கூட்டிக்கொண்டு போய்க் கடைவாசலில் விட்டாள். போகும் வழியில் சொன்னாள்: "வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கும் வழி தெரியாமல் அழுகை வந்துவிட்டது அக்கா."

வாசற்படியில் உட்கார்ந்தேன். ஆட்டோக்களின் இரைச்சலும் தூசியும் அன்று எனக்கு மருந்தாக இருந்தன.

நடந்து ஆறு வருடமாகிறது. வீட்டில் இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: பயந்த சுபாவம். நானும் வெகுநாள் அதை நம்பினேன். இப்போது நம்புவதில்லை. நெஞ்சு படபடத்தது என்னுடையதுதான். ஆனால் அந்தக் குழப்பம் என் நெஞ்சில் பிறந்தது இல்லை. செங்கல்லும் கண்ணாடியும் வைத்து யாரோ கட்டிய குழப்பம் அது.

பிறகு ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். பொறுமையானவர். இதற்கு அகோராஃபோபியா என்று பெயர் என்றும், 1871-ல் பெர்லினில் கார்ல் வெஸ்ட்ஃபால் என்ற மருத்துவர் வைத்த பெயர் அது என்றும் சொன்னார். பெரிய சதுக்கங்களைக் கடக்கப் பயந்தவர்களை வைத்து அவர் எழுதியதால், திறந்தவெளிப் பயம் என்றே நெடுங்காலம் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இன்றைய மருத்துவ வரையறையின் மையம் வேறு: ஏதாவது ஆகிவிட்டால் இங்கிருந்து தப்பிப்பது கஷ்டம், உதவி கிடைக்காது என்ற எண்ணம். பஸ் ரயில் போன்ற வாகனங்கள், திறந்தவெளி, கடை தியேட்டர் போன்ற மூடிய இடங்கள், வரிசையும் கூட்டமும், வீட்டுக்கு வெளியே தனியாக இருப்பது என்று ஐந்து சூழல்களை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட வரையறை சொல்கிறது. என்னிடம் இருந்தது இரண்டுதான்: மூடிய இடமும் வரிசையும்.

அகோரா என்றால் கிரேக்க மொழியில் சந்தை கூடும் இடமாம். அதைக் கேட்டபோது எனக்குக் கண்ணபுரம் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் காங்கேயத்துக்குத் தெற்கே. சித்திரையில் மாரியம்மன் தேரோடு கண்ணபுரத்தில் மாட்டுச்சந்தை கூடும். அம்மாவின் அப்பாவான அப்புச்சியின் துண்டைப் பிடித்துக்கொண்டு, கொம்பு சீவிய காங்கேயம் காளைகளுக்கு நடுவே, அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவே நடந்திருக்கிறேன். ஒருமுறை துண்டைத் தவறவிட்டுத் தொலைந்தும் போனேன். அழுதேனே தவிர மூச்சு முட்டவில்லை. தலைக்கு மேலே வானம் இருந்தது. எந்தப் பக்கம் நடந்தாலும் சந்தை முடிந்து காடு வந்துவிடும் என்பது ஏழு வயதிலேயே தெரியும்.

கொரங்காடு என்று நாங்கள் சொல்லும் எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கிளுவை முள் வேலி சுற்றிலும் அடர்ந்திருக்கும். அந்த வேலிக்கு ஒரு கடவு உண்டு. பொழுது சாயும்போது மாடுகள் தாமாகவே கடவுக்கு வந்து நிற்கும். கடவு இல்லாத வேலியை எங்கள் அப்புச்சி நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். வீடும் அப்படித்தான். தொட்டிக்கட்டு வீட்டின் வாசலில் நின்றால், ஆசாரம் என்ற கூடத்தையும் வானம் பார்த்த தொட்டியையும் தாண்டிப் புறக்கடைக் கதவு வரைக்கும் ஒரே நேராகப் பார்வை போகும். நுழையும்போதே வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அம்மா அந்த வீட்டில் வளர்ந்தவர். அவருக்கு இடது வலது என்ற பேச்சே கிடையாது. "உப்பு ஜாடிக்கு மேற்கால் மிளகாய் டப்பா இருக்கிறது, எடு கண்ணு" என்பார். தட்டில் விழுந்த முடியைக்கூடத் "தெற்கால் கிடக்கிறது பார்" என்று காட்டுவார். இதைக் கிராமத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். எரிக் பெடர்சன் என்ற மொழியியல் அறிஞர் 1990களில் தமிழ் பேசுகிறவர்களிடம் இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார் என்று பின்னர் தெரிந்தது. மேஜைமேல் இருக்கும் பொருளைச் சொல்லக்கூடக் கிராமத்தார் திசைகளைப் பயன்படுத்துகிறார்கள், நகரத்தார் இடது வலது என்கிறார்கள் என்பது அவர் கண்டது. ஒரே மொழி, உலகத்தை மனத்துக்குள் வைத்துக்கொள்ளும் விதம் மட்டும் இரண்டு.

எந்தப் புதுக் கட்டடத்துக்குள் போனாலும் அம்மா கேட்கும் முதல் கேள்வி: "கிழக்கு எந்தப் பக்கம்?" கோயம்புத்தூர்த் தெருவில் நின்றால் அவர் கேட்கவே மாட்டார். மேற்கே மலை தெரிகிற ஊர் இது. காற்று, வெயில், மலை என்று ஏதாவது ஒன்று சொல்லிவிடும். மாலுக்குள் கேட்டால் மட்டும் எனக்குப் பதில் தெரிவதில்லை. அங்கே நிற்கும் காவலாளிக்கும் தெரிவதில்லை. கிழக்கு என்ற ஒன்றையே அந்தக் கட்டடம் வெளியே நிறுத்திவிட்டது.

மால் என்ற இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். விக்டர் குரூன் என்ற கட்டடக் கலைஞர் வியன்னாவில் பிறந்தவர். நாஜிகளுக்குத் தப்பி 1938-ல் அமெரிக்கா போனவர். மின்னசோட்டா மாநிலத்தில் அவர் வடிவமைத்த சவுத்டேல் 1956-ல் திறக்கப்பட்டது. குளிரூட்டப்பட்டு, முழுவதும் கூரைக்குள் அடங்கிய அங்காடி வளாகங்களின் முன்னோடி அதுதான். மக்கள் கூடிப் பேசி உலாவும் வியன்னாவின் சதுக்கத்தைக் கூரைக்குள் கொண்டுவர அவர் ஆசைப்பட்டார். நடந்தது வேறு. எதை வாங்க வந்தோம் என்பதை மறந்து, திசை மயங்கி, கண்ணில் பட்டதை வாங்கும் நிலைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். கடைசிக் காலத்தில் இந்த வளாகங்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அவருக்காக எனக்கு உண்மையிலேயே மனம் வருந்துகிறது.

வியாபாரிகள் நாம் கொஞ்சம் சுற்ற வேண்டும் என்று நினைப்பது எனக்குப் புரிகிறது. என் உறவில் பாதிப் பேர் வியாபாரிகள்தான், திருப்பூரில் பனியன், ஈரோட்டில் ஜவுளி. வாடிக்கையாளர் கடைக்குள் பத்து நிமிடம் கூடுதலாக இருந்தால் பில் ஏறும். ஆனால் சுற்ற வைக்கும் வழியும் உயிர் தப்பும் வழியும் ஒன்றே ஆகிவிடக்கூடாது. சுற்ற வைக்கும் வழியை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளட்டும். மற்றதை வளைக்க யாருக்கும் உரிமை இல்லை.

இதில் பழைய சினிமா கொட்டகைகள் எவ்வளவோ மேல். கோயம்புத்தூருக்கு இதில் பெரிய பாரம்பரியம் உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் இங்கேதான் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்குகளில் அது ஒன்று. நான் சிறுமியாக இருந்தபோது பார்த்த கொட்டகைகளில் இரண்டு பக்கச் சுவரிலும் வரிசையாகக் கதவுகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னப் பெட்டிக்குள் சிவப்பு விளக்கு, அதில் "வெளியே" என்று தமிழில் எழுத்து. படம் இருட்டும்போதெல்லாம் அந்த எழுத்துகள் மட்டும் தெரியும். படம் முடிந்ததும் எல்லாக் கதவுகளையும் ஒன்றாகத் திறப்பார்கள், வெயில் சரேலென்று உள்ளே பாயும், நேராக மண்தரையில் கால் வைப்போம். இன்றைய திரையரங்கில் படம் முடிந்து வெளியேறினால் ஒரு நடைபாதை, அதன் முடிவில் ஒரு கதவு, கதவைத் திறந்தால் தின்பண்டக் கடைகள், அதைத் தாண்டி வாகன நிறுத்தத்தின் இரண்டாம் தளம்.

அந்தச் சிவப்புப் பெட்டிகள் சும்மா வந்துவிடவில்லை. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவில் இரோக்வா நாடக அரங்கு எரிந்தது. தீப்பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்து, திறந்து ஆறு வாரம்கூட ஆகாத அரங்கு. சில கதவுகள் திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்திருந்தன. சில பூட்டியிருந்தன. சிலவற்றின் தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று அந்த நாடகத்துக்குப் போக வேண்டியிருந்து, வேலை காரணமாகப் போகாமல் பிழைத்தவர் கார்ல் பிரின்ஸ்லர். கதவுச் சாமான் விற்கிறவர். உள்ளேயிருந்து உடம்பால் தள்ளினாலே திறக்கும் குறுக்குக் கம்பித் தாழ்ப்பாளை இன்னொருவருடன் சேர்ந்து உருவாக்கி 1908-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இப்போது எங்கே அந்தக் கம்பியைப் பார்த்தாலும் என் கை அதைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. அவசர வழிக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்கும்படி இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. 1997 ஜூன் 13-ல் டெல்லி உபகார் திரையரங்கில் 59 பேர் இறந்தபோது, பால்கனியில் கூடுதல் இருக்கைகள் போட்டு ஒரு வழியை அடைத்திருந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் 50-க்கும் மேற்பட்டோர் போனார்கள், மாப்பிள்ளையும் போனார். மேல்மாடிக் கீற்றுப் பந்தலில் தீ, இறங்கக் குறுகலான படி. இவற்றில் எதுவும் என் மனத்தின் கற்பனை அல்ல. அட்டைப் பெட்டிகள் அடுக்கிய அந்தப் படிக்கட்டைப் பார்த்து நடுங்கிய நெஞ்சு, தப்பாக நடுங்கவில்லை. அந்தக் கடையில் தினம் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் எனக்கு நடுங்குகிறது.

பச்சைப் பின்னணியில் ஓடும் மனிதன் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னாலும் சாம்பல் உண்டு. ஜப்பானில் 1972-ல் ஒசாகாவிலும், 1973-ல் குமமோட்டோவிலும் பல்பொருள் அங்காடிகள் எரிந்து, ஒவ்வொன்றிலும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு யூகியோ ஓட்டாவும் அவர் குழுவும் உருவாக்கிய அடையாளம் அது. எந்த மொழி தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்ற அக்கறையில் வந்தது. போன தீபாவளிக்கு ஒரு கடையில் அந்த ஓடும் மனிதனின் மேல்பாதியைத் தள்ளுபடிப் பதாகை ஒன்று மறைத்திருந்தது. இரண்டு கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. மேலாளரிடம் சொன்னேன். அவர் நல்லவர், உடனே ஏணி போடச் சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலகை இருந்தாலும் போதாது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மேன் தீவில் 1973-ல் சம்மர்லேண்டு என்ற கேளிக்கை வளாகம் எரிந்து 50 பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் சொன்னதை ஜொனாதன் சைம் என்ற ஆய்வாளர் பின்னர் ஆராய்ந்தார். அவசர வழிகள் இருந்தும் பலர் தாங்கள் உள்ளே வந்த, பழகிய வழியை நோக்கியே போனார்கள். பிள்ளைகளைப் பிரிந்திருந்த பெற்றோர் முதலில் பிள்ளைகளைத்தான் தேடினார்கள். கூட்டம் என்றால் மூளை கெட்டு முட்டி மோதும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நெருக்கடியிலும் மனிதர் அன்பின் பக்கமும் பழக்கத்தின் பக்கமும்தான் ஓடுகிறார்கள். அப்படியானால் அவசர வழி தினமும் புழங்கும் வழியாக இருக்க வேண்டும். தீப்பிடித்த பிறகு முதன்முதலாகப் பார்க்கும் வழியாக இருக்கக்கூடாது.

கோயிலில் எனக்கு இந்தப் பயம் வந்ததில்லை. பேரூர்ப் பட்டீசுவரர் கோயில் எந்த மாலுக்கும் சளைத்த அளவில்லை, இருட்டும் உண்டு, தூண்களும் ஏராளம். ஆனால் கொடிமரமும் நந்தியும் கருவறையும் ஒரே கோட்டில் இருக்கின்றன. வலமாகச் சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கே வருவோம். பிராகாரத்தில் எங்கே நின்று நிமிர்ந்தாலும் கோபுரம் தெரியும், கோபுரத்துக்குக் கீழே வாசல். இருநூறு பலகை வைத்தாலும் இந்த ஒரு கோபுரத்துக்கு ஈடாகாது. விசேஷ நாள்களில் வரிசைக்கு வைக்கும் இரும்புக் கம்பிக் கூண்டுகளில்தான் என் மூச்சு மாறும். வளைந்து வளைந்து போகும் அந்தக் கூண்டில் நடுவே ஒருவருக்கு மயக்கம் வந்தால், தூக்கிக்கொண்டு போக ஒரு திறப்பு வேண்டாமா? பழனியில் ஏறுகிறவர்களுக்கு யானைப்பாதை இருக்கிறது, படிப்பாதையும் இருக்கிறது. முன்னோர் இரண்டு வழி வைத்தார்கள். நாம் ஏன் ஒரு வழிக்குள் அடைக்கிறோம்?

இப்போது நான் கட்டடங்களுக்குள் போகிறேன். கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும் கூடம் கீழ்த்தளத்தில் இருந்தால், முதல் வேலையாக சமையற்கட்டின் பின்கதவு எங்கே என்று பார்த்துவிடுவேன். பந்திக்கும் பந்திக்கும் நடுவே கூடத்தின் கதவைச் சாத்தித் தாழிடும் வழக்கத்தை, உறவில் யார் கல்யாணம் என்றாலும் பெண் வீட்டாரிடம் சொல்லி நிறுத்தச் சொல்கிறேன். தாழ் போடாமல் ஒரு ஆள் நின்றால் போதுமே. சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு பெரியப்பா மட்டும், "நீ சொல்வது சரிதான் சாமி" என்று தானே போய்க் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்று நான் கடைசிப் பந்தி வரை இருந்து சாப்பிட்டேன்.

போன ஆடியில் அம்மாவைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பரிசோதனைக்காகச் சொட்டு மருந்து விட்டு, அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. மருந்து வாங்கும் இடம் தரைக்குக் கீழ்த் தளத்தில். வாங்கிவிட்டுத் திரும்பினால், லிஃப்ட் முன்னால் ஸ்ட்ரெச்சர்களும் கூட்டமும். படி எங்கே என்று கேட்டு நடந்தோம். ஒரே மாதிரி வெள்ளைக் கதவுகள், ஒரே மாதிரி திருப்பங்கள். பதிவேட்டு அறை வந்தது, ரத்தப் பரிசோதனை அறை வந்தது, மறுபடி பதிவேட்டு அறை வந்தது. என் உள்ளங்கை ஈரமாவதை அம்மா உணர்ந்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்திருந்தவர் அவர்தானே.

"கொஞ்சம் நில் கண்ணு" என்றார்.

நின்றோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். புடவையைக் கணுக்கால் வரை லேசாகத் தூக்கிக்கொண்டு, ஏதோ ஓடைத் தண்ணீரில் கால் வைத்தவர் போல அசையாமல் இருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"காற்று வருகிறது பார். மேற்கு அந்தப் பக்கம்."

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. நடைபாதையின் கோடியில், விளக்கு எரியாத பகுதியில், ஒரு கதவின் அடியிடுக்கிலிருந்து தரையோடு தரையாக ஒரு காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து கொங்கு நாடெல்லாம் அடிக்கிற ஆடிக் காற்று. கான்கிரீட் கட்டடத்தின் அடித்தளத்துக்குள்ளும் அது இறங்கி வந்திருந்தது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். கதவில் குறுக்குக் கம்பி இருந்தது. தள்ளினேன், திறந்துகொண்டது. ஆம்புலன்ஸ்கள் ஏறும் சரிவுப்பாதை, அதற்கு மேலே வேப்பமரம், மேகம் ஓடும் வானம்.

வெளிச்சம் கூசியதால் அம்மா முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டார். காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"அப்படியானால் ஆட்டோ நிற்கும் இடம் நமக்குக் கிழக்கால்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமலே நடக்க ஆரம்பித்தார். மருந்துப் பையோடு நான் பின்னால் போனேன்.